பேருதான் ட்ராலர், பாய்ச்சல் 16 நாட்... தரைக்குக் கீழே ரெண்டு டீசல் இன்ஜின்! - ஒரு 'ஃபாஸ்ட் ட்ராலர்' கையேடு

யூடியூபில் 'வீட்டை வித்துட்டு படகுல வாழப் போயிட்டோம்' வகை வீடியோவை ஒரு தடவை பார்த்துட்டா போதும், அதுக்கப்புறம் அல்காரிதம் உங்களைக் கரைக்கு வரவே விடாது. காலையில் டால்பின், மதியம் கிரில்லில் மீன், சாயங்காலம் கையில் காபியோடு சூரிய அஸ்தமனம். அந்த வீடியோக்களில் வர்ற படகுகளைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. நிறைய படகுகளில் பாய்மரம் இருக்காது. முன்பக்கம் உயர்ந்து நிற்கும், பின்னாடி திண்ணை மாதிரி ஒரு இடம், மொட்டை மாடியில் இன்னொரு ஸ்டீயரிங். உள்ளே பெட்ரூம், கிச்சன், பாத்ரூம் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் இதை 'ட்ராலர்'னு கூப்பிடுறாங்க. அதிலேயே கொஞ்சம் அவசரக்காரங்களுக்கான ரகம், ஃபாஸ்ட் ட்ராலர்.

வீடியோவில் அதிகம் காட்டாத இடம் ஒண்ணு இருக்கு. ஹால் தரையில் இருக்கிற மூடியைத் தூக்கினால் கீழே ரெண்டு பெரிய டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். படகு வாங்கினவரோட பணம், தூக்கம், சில சமயம் உயிர்கூட அந்த மூடிக்குக் கீழேதான் இருக்கு. எப்போதாவது இப்படி ஒண்ணை வாங்கணும்னு கனவு இருந்தாலும் சரி, சும்மா தெரிஞ்சுக்கணும்னு ஆசை இருந்தாலும் சரி, இன்னிக்கு அந்த மூடியைத் திறந்து பார்ப்போம்.

மீன் பிடிக்காத ட்ராலர்

நம்ம ஊரில் ட்ராலர்னா காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் வரிசையாக நிற்கிற இழுவலை விசைப்படகு. கடலடியில் வலையை இழுத்துக்கிட்டுப் போகணும் என்பதால் அதுக்குக் கனமான உடம்பு, நிதானமான இன்ஜின், அலை அடிச்சாலும் அசராத முன்பக்கம். அந்த உருவத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, 'வலை வேண்டாம், அதுக்குப் பதிலா சோபா போடுங்க'னு பணக்காரங்க கேட்டதுதான் உல்லாச ட்ராலரின் கதைச் சுருக்கம்.

1960-களில் ஹாங்காங்கில் இருந்த 'அமெரிக்கன் மரீன்' என்கிற படகுத்துறை செய்த 'கிராண்ட் பேங்க்ஸ்' படகுகள்தான் இந்த ரகத்தைப் பிரபலமாக்கின. கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் பக்கம் இருக்கிற புகழ்பெற்ற மீன்பிடிக் கடல்பகுதியின் பேர் அது. படகு ஒரு மீனைக்கூடப் பிடிக்கலைன்னாலும் பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க! இன்னிக்கு அந்த பிராண்ட் படகுகள் தயாராவது மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் இருக்கிற பாசிர் கூடாங்கில்.

அந்தக் காலத்து ட்ராலர்கள் ஆமை வேகம். 7, 8 நாட் தாண்டாது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக, 8 நாட் என்றால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர், தெம்பான ஆள் சைக்கிள் மிதிக்கிற வேகம். 'வீடு மாதிரி வசதியும் வேணும், சாயங்காலத்துக்குள்ள போயும் சேரணும்'னு கேட்கிறவங்களுக்காக வந்ததுதான் ஃபாஸ்ட் ட்ராலர். பிரான்ஸின் பெனட்டோ கம்பெனி 'ஸ்விஃப்ட் ட்ராலர்'னு பேரிலேயே வேகத்தை வெச்சு விக்குது. 1884-ல் மீன்பிடிப் படகு கட்ட ஆரம்பிச்ச கம்பெனி அது. அமெரிக்காவில் மெயின்ஷிப், நார்டிக் டக், அமெரிக்கன் டக் என்று பல பேர்கள் உண்டு. இதில் ஒற்றை இன்ஜினும் இருக்கு, இரட்டை இன்ஜினும் இருக்கு. 15, 16 நாட் வரை போகும். சிலது அதுக்கு மேலேயும் பாயும்.

தண்ணி போடுற வேகத்தடை

இவ்வளவு பெரிய படகு ஏன் 8 நாட்டில் திணறுது? அதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்க. 36 அடி என்றால் வர்க்கமூலம் 6. விடை, சுமார் 8 நாட். கனமான படகு ஒண்ணு சிரமமில்லாமல் போகக்கூடிய உச்ச வேகம் இதுதான்.

காரணம், படகு தானே உண்டாக்குற அலை. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒண்ணாகிடும். முன்பக்கம் ஒரு அலை முகட்டில் நிற்கும், பின்பக்கம் அடுத்த முகட்டில் நிற்கும். அதுக்கு மேலே போகணும்னா படகு தன்னோட அலை மேலேயே ஏறணும். ஸ்பீட்போட் எடை குறைவு, அடிப்பகுதி தட்டை. அதனால் ஏறித் தாண்டி தண்ணி மேலே வழுக்கிட்டு ஓடிடும். ஃபாஸ்ட் ட்ராலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாதி ஏறி, பாதி மிதந்து, முழுக்க முழுக்க இன்ஜின் பலத்தில் தள்ளிக்கிட்டே போகும்.

இதோட விலை டீசலில் தெரியும். ஒரு டீசல் இன்ஜின் ஒரு காலன் எண்ணெயில் ஒரு மணி நேரத்துக்கு உத்தேசமாக 20 குதிரைசக்தி கொடுக்கும் என்பது படகுக்காரங்க வாய்க்கணக்கு. ஒரு 40 அடி படகு 8 நாட்டில் போக 100 குதிரைசக்தி போதும்னு வெச்சுக்குவோம். மணிக்கு 5 காலன், அதாவது 19 லிட்டர். அதே படகு 16 நாட்டில் போக 500 குதிரைசக்தி தேவைப்பட்டால் மணிக்கு 25 காலன், சுமார் 95 லிட்டர். வேகம் ரெண்டு மடங்கு, டீசல் அஞ்சு மடங்கு. மைலேஜ் கேட்பீங்களே? மெதுவாகப் போனால் லிட்டருக்கு சுமார் 780 மீட்டர். வேகமாகப் போனால் 310 மீட்டர். மீட்டர்தான், எழுத்துப்பிழை இல்லை.

அப்புறம் எதுக்கு இந்த வேகம்?

நியாயமான கேள்வி. 'கிரேட் லூப்'னு ஒரு சுற்று இருக்கு. ஃபுளோரிடாவில் கிளம்பி, அமெரிக்காவின் கிழக்குக் கரையோர உள்நீர் வழியாக நியூயார்க், அங்கிருந்து கால்வாய்கள், பேரேரிகள், சிகாகோ, பிறகு ஆறுகள் வழியாகக் கீழே இறங்கி மெக்சிகோ வளைகுடா, மறுபடி ஃபுளோரிடா. மொத்தம் சுமார் 6,000 மைல். ட்ராலர்காரங்களோட கனவுப் பயணம் இது. ஆனால் இதில் பெரும்பகுதி கால்வாயும் ஆறும் 'அலை எழுப்பாதே' போர்டு வெச்ச பகுதிகளும்தான். அங்கே வேகத்துக்கு வேலையே இல்லை.

ஃபுளோரிடாவின் வடமேற்கில் கேராபெல் என்ற ஊரிலிருந்து வளைகுடாவைக் குறுக்கே வெட்டி டார்பன் ஸ்பிரிங்ஸ் வரும் தூரம் சுமார் 170 மைல். 8 நாட்டில் 18 மணி நேரத்துக்கு மேல். அதாவது ராத்திரி முழுக்க, கரையே தெரியாத கடலில், பெரும்பாலும் புருஷனும் பொண்டாட்டியும் மட்டும். 16 நாட்டில் போனால் விடிஞ்சு கிளம்பி பொழுது சாயறதுக்குள்ள சேர்ந்துடலாம். புயல் மேகம் வர்றதுக்கு முன்னாடி துறைமுகத்துக்குள்ள நுழையுறதுக்கும் இந்த வேகம் உதவும். வருஷத்துக்குச் சில தடவைதான் தேவைப்படும். ஆனால் தேவைப்படும்போது ரொம்பத் தேவைப்படும். அந்த நேரத்தில் இன்ஜின் கைவிட்டால்தான் மொத்தக் கதையும் மாறிப்போகும்.

லாரி இன்ஜின் கடலுக்குப் போன கதை

இந்தப் படகுகளில் இருக்கிற டீசல் இன்ஜின்களில் பலது கடலுக்காகவே பிறந்ததில்லை. லாரி, டிராக்டர், ஜெனரேட்டருக்குச் செய்த இன்ஜினை எடுத்து, கடலுக்கு ஏத்த குளிரூட்டும் சாமான்களைப் பூட்டி படகில் இறக்குவாங்க. பழைய கிராண்ட் பேங்க்ஸில் இருக்கும் 'லேமன் 120' அடிப்படையில் ஃபோர்டு இன்ஜின். ஃபாஸ்ட் ட்ராலர்களில் ரொம்பப் பரிச்சயமான பேர், கம்மின்ஸ் பி வரிசையின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர். எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கா? ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரிச்சு, டாடா லாரிகளில் பூட்டி, நம்ம நெடுஞ்சாலையில் வருஷக்கணக்காக ஓடிக்கிட்டிருக்கிற அதே குடும்பம்தான்.

ஒரு முக்கியமான வித்தியாசம் மட்டும் இருக்கு. 1989-ல் அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப்பில் இந்த இன்ஜின் வந்தபோது அதோட சக்தி 160 குதிரைசக்தி. அதே 5.9 லிட்டர் படகு வடிவத்தில் 370 வரைக்கும், பின்னால் வந்த எலெக்ட்ரானிக் வடிவத்தில் 480 வரைக்கும் போச்சு. சாலையில் ஓடுற லாரி முழு பலத்தையும் எப்போ காட்டும்? ஏற்காடு மாதிரி மலைப்பாதையில் லோடோடு ஏறும்போது. அப்புறம் இறக்கம் வந்துடும், இன்ஜின் மூச்சு வாங்கிக்கும். 16 நாட்டில் போற படகுக்கு இறக்கமே கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மலை ஏறிக்கிட்டே இருக்கிற லாரி அது. இந்த ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்கிட்டா, இனி வரப்போற கோளாறுகளில் பாதி தானாகப் புரியும்.

உப்புத்தண்ணிதான் முதல் வில்லன்

காரில் ரேடியேட்டரைக் காற்று குளிர வைக்கும். படகில் அந்த வேலையைக் கடல் தண்ணி செய்யும். படகின் அடியில் ஒரு ஓட்டை, அதில் ஒரு அடைப்பு வால்வு, அப்புறம் கடல்பாசியையும் குப்பையையும் தடுக்க ஒரு வடிகட்டி. அங்கிருந்து ஒரு பம்ப் தண்ணியை உறிஞ்சி ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு அனுப்பும். அங்கே உப்புத்தண்ணி ஒரு பக்கம், இன்ஜினின் கூலன்ட் இன்னொரு பக்கம். ரெண்டும் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாத்திக்கும். கடைசியில் அந்தத் தண்ணி சைலன்ஸர் புகையோடு சேர்ந்து படகின் பின்பக்கம் பீச்சி அடிக்கும்.

அந்த பம்புக்குள்ள இருக்கிறது இம்பெல்லர் என்கிற ரப்பர் சக்கரம். உள்ளங்கை அளவுதான். ஒரு பிளாஸ்டிக் பை வந்து படகின் அடி ஓட்டையை அடைச்சால் போதும், தண்ணி இல்லாமல் காய்ந்து ஓடி, கொஞ்ச நேரத்திலேயே அதன் இதழ்கள் பிய்ந்துடும். பெரிய இன்ஜினைச் சாய்க்கிறது பெரும்பாலும் இந்த மாதிரி சின்னப் பொருள்தான். அதனால் ஸ்டார்ட் செய்த உடனே அனுபவசாலிகள் செய்யுற முதல் வேலை, பின்பக்கம் போய் எட்டிப் பார்க்கிறது. புகையோட தண்ணி கொட்டுதா? கொட்டினால் சரி. இல்லைன்னா அந்த நிமிஷமே ஆஃப். இம்பெல்லரை மாத்தும்போது பிய்ந்துபோன இதழ்கள் எண்ணிக்கை சரியா இருக்கான்னு பார்க்கணும். ஒரு துண்டு குறைஞ்சால் அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் போய் ஒட்டிக்கிட்டிருக்கும். ரெண்டு மாசம் கழிச்சு, 'எல்லாம் புதுசு, ஆனா சூடாகுதே'னு தலையைப் பிச்சுக்க வேண்டி வரும்.

அடுத்தது, ஆஃப்டர்கூலர். கொஞ்சம் நிதானமாகப் படிங்க, ஏன்னா ஃபாஸ்ட் ட்ராலர் இன்ஜின்கள் அநியாயமாகச் சாகுற இடம் இது. டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிடும். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. அதனால் சிலிண்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி அதைக் குளிர வைக்கணும். அதிக குதிரைசக்தி வேணும்னா இது கட்டாயம். பல படகு இன்ஜின்களில் இந்தக் குளிர வைக்கிற வேலையையும் கடல் தண்ணியே செய்யுது. யோசிச்சுப் பாருங்க, இன்ஜின் மூச்சு விடுற பாதையில், ஒரு மெல்லிய உலோகச் சுவருக்கு அந்தப் பக்கம் உப்புத்தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு!

உள்ளே இருக்கிற குழாய்கள் ஒரு உலோகம், வெளிக்கூடு அலுமினியம். ரெண்டு வேற வேற உலோகம், நடுவில் உப்புத்தண்ணி. அரிப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சீல் போய் சில சொட்டு உள்ளே இறங்கினாலே வால்வும் பிஸ்டன் ரிங்கும் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. சூடும் ஏறாது. ஒருநாள் கம்ப்ரஷன் இல்லாமல் இன்ஜின் படுத்துடும். இதைத் தடுக்க வழி ஒண்ணுதான். சில வருஷத்துக்கு ஒருமுறை ஆஃப்டர்கூலரை முழுசாகக் கழட்டி, சுத்தம் செய்து, சீல் மாத்தி, கிரீஸ் தடவி, அழுத்தம் கொடுத்து ஒழுகுதான்னு சோதிச்சு, மறுபடி பூட்டணும். பழைய படகு விற்கிறவரிடம் நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வியே, 'ஆஃப்டர்கூலர் கடைசியா எப்போ கழட்டினீங்க? பில் இருக்கா?' என்பதுதான். 'அதையெல்லாம் கழட்டணுமா?'னு அவர் திருப்பிக் கேட்டால் விலையைக் குறைச்சுப் பேச ஆரம்பிங்க. என்னைக் கேட்டால், அந்தப் படகை விட்டுட்டு அடுத்ததைப் பார்க்கிறது நல்லது.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் 'ஜிங்க்'னு பென்சில் மாதிரி ஒரு துண்டு திருகி வெச்சிருப்பாங்க. மத்த உலோகத்துக்குப் பதிலா தான் அரிச்சுப்போகுறதுதான் அதோட வேலை, ஒரு பலியாடு மாதிரி. அதுவும் கரைஞ்சு காலியான பிறகு மாத்தாமல் விட்டால் அரிப்பு அடுத்த பொருளைத் தேடிப் போகும். விலை சில டாலர். புகையும் தண்ணியும் கலக்குற வளைவுக் குழாயும் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அதில் ஓட்டை விழுந்தால் தண்ணி பின்னோக்கி இறங்கி டர்போவுக்கோ சிலிண்டருக்கோ போகலாம். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், ஏமாந்துடாதீங்க.

பெரிய புரொப்பல்லர் என்கிற மெல்லக் கொல்லும் விஷம்

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு உச்ச ஆர்.பி.எம் குறிச்சிருப்பாங்க. 3,000 என்று வைங்க. டேங்க் நிறைய டீசல், தண்ணி, சாமான் செட்டு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு முழு த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் அந்த 3,000-ஐத் தொடணும். 2,700-லேயே முக்கி நின்னால் புரொப்பல்லர் தேவைக்கு மேல் பெரிசு, இல்லை வளைவு அதிகம், இல்லை அடியில் சிப்பி ஒட்டியிருக்கு. இதைத்தான் ஓவர்லோடுனு சொல்றாங்க.

'நான்தான் முழு த்ராட்டில் கொடுக்கவே மாட்டேனே, 2,400-லதானே ஓட்டுறேன்' என்பது பல உரிமையாளர்களோட பதில். சைக்கிளில் உச்ச கியரைப் போட்டுக்கிட்டு மேட்டில் ஏறிப் பாருங்க. கால் மெதுவாகத்தான் சுத்தும், ஆனால் முட்டி வலிக்கும். அதே கதைதான். 2,400-லேயே அந்த வேகத்துக்கு ஊத்த வேண்டியதைவிட அதிக டீசல் உள்ளே போகும், புகைபோக்கிச் சூடு ஏறும், வால்வு கருகும், பிஸ்டன் உருகும், ஹெட் கேஸ்கட் போகும். புது படகுகூட வாங்கும்போது சரியா இருந்து, அப்புறம் ஜெனரேட்டர், ஏசி, பெரிய டிங்கி, ஃப்ரீசர்னு எடை ஏற ஏற ஓவர்லோடு ஆகிடும். வீடு மாதிரி வாழுற படகில் சாமான் சேராமல் இருக்குமா? அதனால் வருஷம் ஒருமுறை முழு லோடில் சில நிமிஷம் முழு த்ராட்டில் கொடுத்து ஆர்.பி.எம் குறிச்சு வெச்சுக்கணும். போன வருஷத்தைவிடக் குறைஞ்சிருந்தால் ஏதோ மாறியிருக்குனு அர்த்தம்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு. பேட்டரி சார்ஜ் ஆகட்டும்னு கரையில் கட்டிப்போட்டு மணிக்கணக்கில் ஐடிலில் ஓட்டுறது. டீசல் இன்ஜினுக்குச் சூடு ஏறணும், வேலை வேணும். சும்மா உறுமிக்கிட்டு நின்னால் டீசல் முழுசா எரியாமல் கரி படியும், சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி ஆயில் அடிக்க ஆரம்பிக்கும். மெதுவாகவே போற பயணத்திலும், நாள் முடிவில் கொஞ்ச நேரம் நல்லா முடுக்கி ஓட்டிட்டுதான் நிறுத்துவாங்க.

ரெண்டு இன்ஜின் இருந்தும் ரெண்டும் நின்னுபோகுறது எப்படி?

'ஒண்ணு போனால் இன்னொண்ணு இருக்கு' என்பதுதான் இரட்டை இன்ஜின் வாங்குறவங்களோட நிம்மதி. இதில் உண்மை இருக்கு. ஆனால் ரெண்டு இன்ஜினும் ஒரே டீசலைத்தானே குடிக்குது?

படகு டேங்கில் காலியாக இருக்கிற பகுதியில் ஈரக்காற்று. ராத்திரி குளிரில் அது வேர்த்து சொட்டுச் சொட்டாக அடியில் தண்ணியாகத் தங்கும். தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவில் ஒரு வகை நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்தும். அதனால் கறுப்பா, கொழகொழன்னு ஒரு சேறு. படகு மரினாவில் அமைதியாக நிற்கிற வரைக்கும் அது டேங்க் அடியில் சமத்தாகப் படுத்திருக்கும். கடல் கொந்தளிக்கிற அன்னிக்குத்தான் எழுந்து வரும். குலுக்கலில் மொத்தச் சேறும் கலங்கி ஃபில்டருக்குப் போகும், ஃபில்டர் அடைக்கும், இன்ஜின் இருமும், நிற்கும். அஞ்சு நிமிஷத்தில் அடுத்ததும். அலையடிக்கிற முகத்துவாரத்தில், ரெண்டு பக்கமும் கல் தடுப்புச்சுவர் இருக்கிற இடத்தில் இது நடந்தால் எவ்வளவு ஆபத்துன்னு சொல்லத் தேவையில்லை. டீசல் கோளாறு கெட்ட நேரம் பார்த்து வர்றது விதியால இல்லைங்க, அலையால.

இதுக்கான ஏற்பாடு எளிமையானது. இன்ஜினுக்கு முன்னாடி தண்ணியைப் பிரிக்கிற வடிகட்டி ரெண்டு, நடுவில் ஒரு மாற்று வால்வு. ஒண்ணு அடைச்சால் கைப்பிடியைத் திருப்பி அடுத்ததுக்கு மாறிக்கலாம், இன்ஜினை நிறுத்தவே வேண்டாம். கூடவே ஒரு வாக்குவம் மீட்டர். ஃபில்டர் அடைக்க அடைக்க முள் ஏறிக்கிட்டே போகும், அதாவது முன்கூட்டியே எச்சரிக்கை. இதில் அதிகம் பயன்படுற ரேக்கர் ஃபில்டரில் 2 மைக்ரான் பழுப்பு, 10 மைக்ரான் நீலம், 30 மைக்ரான் சிவப்பு எனக் கலர் வெச்சு அடையாளம் கண்டுக்கலாம். மாற்று ஃபில்டர் டஜன் கணக்கில் படகில் இருக்கட்டும். ஒரு தடவை அழுக்கு டீசல் ஏறினால் ஒரே நாளில் அஞ்சாறு போயிடும்.

ஃபில்டர் மாத்தினதும் ஏர் புடிச்சுக்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் கைப் பம்பை அமுக்கி, நட்டை லூஸ் செய்து, குமிழி இல்லாமல் டீசல் வர்ற வரைக்கும் ஏர் எடுக்கணும். நம்ம ஊர் டிராக்டர் டிரைவர்கள் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யுற வேலை. இதை வெயிலில், மரினாவில் கட்டியிருக்கும்போது நாலு தடவை செய்து பழகுங்க. ஆடுற படகில், 50 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இன்ஜின் ரூமில் முதல் தடவையாகச் செய்யக் கூடாது.

புது காமன்ரெயில் இன்ஜின்களில் புகையும் சத்தமும் குறைவு, மைலேஜும் கொஞ்சம் கூடும். ஆனால் டீசல் சுத்தத்தில் ரொம்பக் கறார். சின்னக் கோளாறுக்கே கம்ப்யூட்டர் சக்தியைக் குறைச்சுடும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலே சில சமயம் மக்கர் செய்யும். ஸ்பேனரோட லேப்டாப்பும் வெச்சிருக்கிற மெக்கானிக் வரணும், அவருக்கு மணிக்கணக்கில் கூலி.

புகை பேசும்

கறுப்புப் புகை என்றால் ஓவர்லோடு, இல்லை காற்று பத்தலை. நீலம் என்றால் ஆயில் எரியுது. வெள்ளை என்றால் எரியாத டீசல், இல்லை கூலன்ட் உள்ளே போய் ஆவியாகுது. குளிர் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்ச நேரம் வெள்ளை வந்தால் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் விடாமல் வந்தால் பயப்படலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி

அமெரிக்காவில் பழைய படகு வாங்குறவங்க ஒரு சர்வேயரை வெச்சு உடம்பைப் பார்ப்பாங்க. பலர் அதோட நிறுத்திடுறாங்க. இன்ஜினுக்குத் தனியா ஒரு சர்வேயர் வேணும். கடலில் ஓட்டிப் பார்க்கணும், முழு த்ராட்டில் கொடுக்கணும். 'இன்ஜினை வாட்டாதீங்க சார்'னு விற்கிறவர் பதறினால் அதுவே ஒரு பதில்தான். போறதுக்கு முன்னாடி இன்ஜின் குளிர்ந்திருக்கான்னு கை வெச்சுப் பாருங்க. ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதை மறைக்கிறாங்களோ என்னவோ.

ஆயில் டெஸ்ட்டை ரத்தப் பரிசோதனைன்னு வெச்சுக்குங்க. கொஞ்சம் ஆயிலை லேபுக்கு அனுப்பினால் அதில் இரும்பு, அலுமினியம் எவ்வளவு தேய்ஞ்சு கலந்திருக்குனு சொல்லிடுவாங்க. சோடியம் தெரிஞ்சால் உப்புத்தண்ணியோ கூலன்ட்டோ உள்ளே வந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம், விற்கிறதுக்கு முந்தின வாரம் ஆயில் மாத்தியிருந்தால் இந்த டெஸ்ட் ஒண்ணும் சொல்லாது. ஆயில் மாத்தி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குனு கேட்டுட்டு அனுப்புங்க.

'20 வருஷ படகு, 600 மணி நேரம்தான் ஓடியிருக்கு' என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீங்க. லாக்டவுனில் உங்க பைக்கை மூணு மாசம் நிறுத்தி வெச்சப்போ என்ன ஆச்சுன்னு நினைச்சுப் பாருங்க. ஒழுங்காகப் பராமரிச்ச டீசல் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும். உப்புக்காற்றில் சும்மா நிற்கிறதுதான் அதுக்கு ஆகாது.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. இன்ஜின் ரூமுக்குள்ள இறங்கி, ரெண்டு இன்ஜினுக்கும் வெளிப்பக்கம், அதாவது படகுச் சுவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், உங்க கை போகுதான்னு பாருங்க. இரட்டை இன்ஜின் ஃபாஸ்ட் ட்ராலர்களில் பெரும்பாலும் போகாது. எது கைக்கு எட்டாதோ அதை யாரும் சர்வீஸ் செய்திருக்க மாட்டாங்க. ஒற்றை இன்ஜின் படகுகளில் சுத்தி வர இடம் தாராளம். செலவும் பாதி. புரொப்பல்லருக்கு முன்னாடி கீல் பாதுகாப்பாக இருப்பதால் தரை தட்டினாலும் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். வேகமும் வேணும், மறு துணையும் வேணும்னா இரட்டை. என் ஓட்டு, நல்ல டீசல் வடிகட்டும் ஏற்பாடு இருக்கிற ஒற்றை இன்ஜினுக்கு.

வருஷச் செலவு

வாங்கின விலையில் 10 சதவிகிதம் வருஷா வருஷம் போகும் என்பது பழக்கத்தில் இருக்கிற தோராயக் கணக்கு. பழைய ஃபாஸ்ட் ட்ராலருக்கு அது கையைக் கடிக்கலாம். ஒரு இன்ஜினை வெளியே எடுக்க சில படகுகளில் ஹால் தரையையே அறுக்கணும். அதனால் இதை முழுநேர வீடாக வாங்குற ரிட்டயர்டு தம்பதிகள், விலை போக ஒரு இன்ஜினை முழுசாக ரீபில்டு செய்யுற அளவுக்குப் பணத்தைத் தனியாக ஒதுக்கி வெச்சுக்கிறது நல்லது. கையில் இருந்த மொத்தத்தையும் படகில் போட்டவங்களுக்கு முதல் பெரிய ரிப்பேரே வீட்டை இழக்கிற விஷயமாகிடுது, ஏன்னா வீடும் அதுதான்.

நம்ம ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரங்க அந்த நேரத்தில்தான் படகைக் கரையேத்தி, பெயின்ட் அடிச்சு, இன்ஜினைப் பிரிச்சு, பம்ப், நாசில் வேலை எல்லாம் பார்ப்பாங்க. வருமானம் இல்லாத ரெண்டு மாசம் என்றாலும், வருஷத்துக்கு ஒருமுறை இன்ஜினைத் திறந்து பார்க்க அந்த இடைவெளி வசதியா அமைஞ்சிடுது. உல்லாசப் படகுக்காரருக்கு அப்படி நாள் குறிச்சுக் கொடுக்க ஆளில்லை. அவரே காலண்டரில் குறிச்சுக்கணும்.

நடுவில் நின்னுட்டால்? வி.எச்.எஃப் ரேடியோவில் 16-வது சேனல் அவசரத்துக்கானது. உயிருக்கு ஆபத்து என்றால் அமெரிக்கக் கடலோரக் காவல்படை வரும். வெறும் இன்ஜின் கோளாறு என்றால் பெரும்பாலும் தனியார் இழுவைப் படகைத்தான் கூப்பிடச் சொல்வாங்க. சீ டோ, டோபோட்யூஎஸ் மாதிரி சேவைகளில் வருஷச் சந்தா கட்டி வெச்சுக்கலாம். சந்தா இல்லாமல் கூப்பிட்டால் மணிக்கணக்கில் பில் வரும், அந்த பில்லைப் பார்த்தால் சந்தா சும்மா மாதிரி தெரியும்.

கடைசியாக, படகை விட்டுக் கிளம்பும்போது அடி ஓட்டையின் வால்வை மூடிட்டுப் போறது வழக்கம், ஏதாவது ஹோஸ் விட்டுப்போனால் படகு மூழ்காமல் இருக்க. திரும்பி வந்து அதைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் காலி. இதுக்கு விவரமான உரிமையாளர்கள் ஒரு வேலை செய்வாங்க. வால்வை மூடினதும் இன்ஜின் சாவியை அந்த வால்வு கைப்பிடியிலேயே மாட்டிட்டுப் போயிடுவாங்க. சாவி வேணும்னா குனிஞ்சு அங்கே போய்த்தானே ஆகணும்!